பழைய காளவாய்களை அளந்த எங்கள் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு மூன்று ஆண்டுகள் பேசாதிருந்த தங்கை நான். அதனால்தான் இந்த நினைவுக் கட்டுரையை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏலாக்குறிச்சியில் பிறந்த அண்ணன், சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வயல் வேலை செய்துகொண்டே படித்து அரியலூர்ப் பக்கம் ஆசிரியரானார். ஞாயிறு பூசை முடிந்ததும் கல் வெட்டும் காடுகளுக்குப் போய்விடுவார். மண்ணில் புதைந்து கிடந்த பழைய சுண்ணாம்புக் காளவாய்களைத் தோண்டி, கயிறு பிடித்து அளந்து, நோட்டில் வரைவார். "கோயில் கட்டுனவன் பேரு கல்லுல இருக்கு. சுண்ணாம்பு சுட்டவன் பேரு எங்கயும் இல்ல" என்பார்.

உலகச் சண்டைக் காலத்தில் ஓடைக்கரையில் சிதையாத காளவாய் ஒன்று கிடைத்தது. அண்ணன் மகிழ்ச்சியில் கல்குழிக் குத்தகைக்காரரை அழைத்துக் காட்டினார். புதிதாகக் கட்டும் வேலை மிச்சமென்று அவர் அதிலேயே கல் சுட ஏற்பாடு செய்தார். அண்ணன் பதறி ஓடினார்.

"ஓடைப் பக்கச் சுவரு ஒரு தடவ சரிஞ்சு, திரும்பக் கட்டுனதுங்க. ஒட்டுன தடம் தெரியுது. வேணாங்க."

"இத்தன காலம் நின்ன சுவரு, வாத்தியாரே. இன்னமும் நிக்கும்."

அங்கே கூலிக்குப் போன என் கணவரையும் தடுத்துப் பார்த்தார். "நான் போகலன்னா வேற ஆள வச்சுக்குவாங்க, மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மூன்றாவது முறை சுட்டபோது சுவர் சரிந்தது. என் கணவரும் உடன் நின்ற இன்னொருவரும் நெருப்புக்குள் போனார்கள். அண்ணன் வெறுங்கையால் கற்களை இழுத்தார். இருவரும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். கைகள் வெந்துபோனதால் அண்ணனால் அதன் பிறகு சாக்கட்டி பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டார்.

அடக்கத்தன்று கல்லறையில் எல்லோர் காதிலும் விழும்படி அண்ணனிடம், "நீங்க காட்டலன்னா அவரு இருந்திருப்பாரு" என்றேன். மற்றக் காளவாய்கள் எங்கே என்று குத்தகைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டபோது, அண்ணன் தெரியாது என்றார். பழம்பொருள் ஆராயும் அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து தேடி வந்தார். அவரிடமும் அதே பதில்தான். அப்படி ஒருவர் வரமாட்டாரா என்று அண்ணன் எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்தவர்.

அண்ணன் நெஞ்சுச் சளி முற்றிப் படுத்த பிறகுதான் நான் பார்க்கப் போனேன்.

"இன்னும் கோவமா, பாப்பா?"

"இருக்குண்ணே. கஞ்சியக் குடிங்க."

குடித்தார். நான்காம் நாள் போய்விட்டார்.

கற்களை அப்புறப்படுத்தக் கைகொடுத்த கல்குழித் தொழிலாளர்களுக்கும், அண்ணனுக்கு மூன்று ஆண்டுகள் சோறு ஊட்டிய அண்ணியாருக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறையில் நான் சொன்னதைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அது தவறு. இதை அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.