மேல் பாக்கெட்டில் இருந்த காந்தம்

நஸ்ரீன் மூன்றாவது முறையாக என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, கழுத்து மறுபடி இடது தோளுக்குப் போயிருந்தது. புரோகிராமர் கருவியை வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் பதித்த ஸ்டிமுலேட்டர் ஆஃப். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வேலூரில் ஒரு மருத்துவமனையில், மூளைத் தூண்டல் சிகிச்சைப் பிரிவில் இருபது வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். டாக்டர்கள் மூளைக்குள் மெல்லிய கம்பி வைப்பார்கள். நெஞ்சிலுள்ள ஸ்டிமுலேட்டரிலிருந்து அதில் எவ்வளவு கரண்ட் போகவேண்டும் என்று அமைப்பது எங்கள் வேலை. தசைகள் தம் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவுக்குப் பொறுமை வேண்டும். கரண்ட் வைத்த அன்றே பலன் தெரிந்துவிடாது. ஊறப்போட்ட தோல் இளகுவது போல மாதக்கணக்கில் இளகும்.

நஸ்ரீன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். எதிரே நிற்பவரைப் பார்க்க உடம்பையே திருப்புவார். முதல் நாளே சொன்னார்: "கனவுல மட்டும் நேரா இருக்கேன் சார். லைனோட கடைசி மெஷின் வரைக்கும் தெரியுது. முழிச்சா செவுருதான்."

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் மாதம், என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். அன்று மாலை டவுன் பஸ்ஸில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, வெயிலில் மணல் மிதப்பது போலிருந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

அவர் வேலைக்குத் திரும்பினார். ஸ்டிமுலேட்டர் அடிக்கடி அணையும் தொல்லை ஆரம்பித்தது. அதைப் போடவும் அணைக்கவும் நாங்கள் கொடுத்தனுப்பிய ரிமோட்டைக் கண்டபடி அமுக்குகிறார் என்று முடிவுகட்டி இரண்டு முறை திட்டி அனுப்பினேன். இந்த முறை அவர் தாடையில் விரலை முட்டுக்கொடுத்து, முகத்தைக் கொஞ்சம் என் பக்கம் கொண்டுவந்தார்.

"ரிமோட் பீரோவுல பூட்டிக் கெடக்குது சார். இன்னொரு தபா லீவு போட்டா லைனை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அப்போதுதான், அவர் வேலையைக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஏற்றுமதி ஷூவில் ஊசித் துண்டு போய்விடக் கூடாது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகே புது ஊசி. தேடுவதற்கு சூப்பர்வைசரிடம் ஒரு காந்தம் இருக்கும்.

"அதை எங்கம்மா வெப்பீங்க?"

யூனிஃபார்ம் கோட்டின் மேல் பாக்கெட் வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்கு நேர் கீழேதான் ஸ்டிமுலேட்டர். அவருக்கு வைத்த மாடல், காந்தம் ஒட்டி வந்தால் அணைந்துவிடும்; மறுபடி போடும்வரை அப்படியே கிடக்கும். பெரிய காந்தத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியது நான்தான். இது உள்ளங்கை அகலம்கூட இல்லை. 'பெரிய' என்ற அந்த ஒரு சொல் என் தப்பு. மன்னிப்புக் கேட்டேன்.

காந்தம் நீளக் கைப்பிடி மாட்டிக்கொண்டு, கம்பெனியில் அவர் மேஜை டிராயருக்குப் போனது. நானும் அன்றிலிருந்து, புரோகிராமரைத் தொடுமுன் வந்தவரின் வேலையைப் பற்றிக் கேட்கப் பழகினேன்.

சில மாதம் கழித்து நஸ்ரீன் வந்தார். லைன் அவரிடமே இருந்தது.

"நேத்து கனவுல கழுத்து திரும்பிக்கிச்சு சார். பயந்து எழுந்துட்டேன்" என்றார், என் கண்ணை நேராகப் பார்த்து. "எழுந்தா, நேரா இருக்கேன்."