பெட்டிக் கேமராவும் தனகோடியின் முதுகும்

பினாங்கில் படம் எடுக்க நிற்கிற எல்லாரும் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனால் சீனர், மலாய்க்காரர், நம் ஆட்கள் என்று வித்தியாசமில்லாமல் கேமராவைக் கண்டதும் பல்லைக் காட்டுகிறார்கள். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் கேமராவுக்கு முன்னால் நிற்பது போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நிற்கிற மாதிரி. சிரித்தால், "இன்னாடா இளிக்கிற?" என்று அதட்டல் விழும்.

எனக்குக் கேமரா ஆசை வந்ததற்குக் காரணம் கலை அல்ல, ஒரு மச்சம். கல்யாணமான மாதமே கப்பலேறியவன் நான். இரண்டாம் வருஷம் ஒருநாள் ரப்பர் ஷீட் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, என் மனைவி தனகோடியின் கன்னத்து மச்சம் இடது பக்கமா வலது பக்கமா என்று சந்தேகம் வந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. பயந்துபோனேன். ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கிப் பழகத் தொடங்கினேன். முதல் பிலிம் சுருளில் நண்பர்கள் தலையில்லாமல் விழுந்தார்கள்; அடுத்ததில் தலை மட்டும் விழுந்தது. கேமராவை விற்ற சீனர் சொல்லித்தந்த ஒரே பாடம், சூரியன் படம் எடுப்பவன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது.

லீவில் ஊருக்கு ஒரே ஒரு சுருள் கொண்டுபோனேன், எட்டுப் படத்துக்கு. அதற்கு இடைஞ்சலாக வந்து வாய்த்தவர் நைனா, அதாவது என் அப்பா. எதற்கும் அசராத மனிதர், கேமராவைக் கண்ட நாள் முதல் வயலுக்குக்கூடப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றார். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாருக்கு எதிரே முகம் காட்டி நிற்க மாட்டாள். தனகோடியை வைக்கோல் போர் ஓரம் நிறுத்தி, நான் குனிந்து கேமராவின் மேல் கண்ணாடியில் பார்ப்பேன். "இன்னாடா தெரியுது உள்ள?" என்று நைனா தலையை நீட்டுவார். அவள் சட்டென்று திரும்பிக்கொள்வாள். அதற்குள் என் விரல் அழுத்திவிட்டிருக்கும். இப்படியே ஆறு முதுகுகள்.

"நீ கொஞ்சம் அப்பால போ நைனா."

"நா இன்னாடா பண்றேன்? சும்மா பாத்துக்கினுதானே கீறேன்?"

நான் கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் மாடு அவிழ்ந்து ஓடிவிட்டது. தேடிக்கொண்டு நைனா ஏரிப் பக்கம் போனார். அவிழ்த்துவிட்டது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் யாரும் சொல்லித் தொலைக்காதீர்கள்.

தனகோடி கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். "எப்பப் பாத்தாலும் என்னியே நிக்க வெச்சிக்கினு... மொதல்ல நீங்க நில்லுங்க, நான் புடிக்கிறேன்." சூரியன் பாடத்தைச் சொன்னேன். அப்படியே சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தாள். அடுத்து அவள் முறை. நிமிர்ந்து நின்றாள், சிரிக்கவும் செய்தாள். நான் அழுத்தப்போகிற நேரத்தில் மாடு வந்தது, அதன் பின்னாலேயே நைனா. ஏழாவது முதுகு.

பெண்சாதி படம் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்; பினாங்கில் அவற்றைக் கழுவித் தந்த ஸ்டூடியோச் சீனர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "பினி மானா?" என்றார். மலாயில், பெண்சாதி எங்கே என்று அர்த்தம். நான் நிற்கிற படத்தை எடுத்து, என் காலடி வரை நீண்டு கிடந்த தனகோடியின் நிழலைத் தொட்டுக் காட்டினேன். கொண்டையும் மடக்கிய முழங்கைகளும் தெளிவாக விழுந்திருந்தன. பாவம், நான் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். காசு வேண்டாம், நிழலை அழித்துத் தருகிறேன் என்று தூரிகையை எடுத்தார். படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

நிழலுக்கு மச்சம் ஏது? வலது கன்னம், வலது கன்னம் என்று கப்பலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். இப்போது அதிலும் சந்தேகம், நான் பார்த்தது நேரிலா, கேமராக் கண்ணாடியிலா? அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். நினைத்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. படத்தைக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்து, வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் பார்க்கிறேன். நான் ஊரில் நிற்கிறேன். என் கால் வரைக்கும் அவள் வந்திருக்கிறாள். அப்படியானால் இங்கே அறையைப் பூட்டிக்கொண்டு போகிறவன் யார்?