அமைச்சரின் முன்னாள் உதவியாளர்

அரசியல்வாதிகளின் பேச்சை வெட்டி, உருமி அடியோடு ஒட்டிப் பாட்டாக்கும் டீஜே அவர். ஒல்லியான உடம்பு, கறுப்புக் கண்ணாடி. ஹெட்போனை எப்போதும் ஒரு காதில் மட்டும்தான் வைப்பார்.

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் உணவுத் திருவிழாவில் அவருக்கு அறிமுக உரை எழுதும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்ற மிதப்பில், "அமைச்சரின் முன்னாள் உதவியாளர்! ஒரே உரையைக் கல்யாணத்திலும் கருமாதியிலும் வாசிக்கச் சொன்னதால் வேலையை விட்டவர்!" என்று புளுகி வாசித்தேன். கூட்டம் சிரித்தது. "ஆறே மாதத்தில் எல்லாருக்கும் குடியுரிமை, நீல அடையாள அட்டை" என்ற வாக்குறுதியை அவர் இருபது தடவை சுழற்றியபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

முடிந்ததும் ஓர் அக்கா அவரிடம் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்.

"அண்ணே, அமைச்சர்கிட்ட இருந்தீங்களாமே. என் மகனுக்கு இன்னும் செவப்பு ஐசிதான், நீல அட்டை வரல. குடியுரிமை இல்லன்னு காலேஜ்ல எடுக்க மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் சொல்லி விடுங்கலா."

நான் குறுக்கே புகுந்தேன். "அக்கா, அது நான் சும்மா..."

"தம்பி விட்ட கதை அக்கா அது," என்றார் டீஜே. "எனக்கு எந்த அமைச்சரையும் தெரியாது. பாரத்த வேணா நிரப்பித் தர்றேன்."

ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்து எழுதினார். கேள்விகளை அவர் படிக்கவே இல்லை. பேனா தானாகக் கட்டம் கட்டமாகப் போனது.

"எப்படிண்ணே?" என்றேன்.

"இதே பாரத்த நாலு தடவ போட்டாச்சுலா. எனக்கும் செவப்புதான்."

அறிமுகம் எழுத எனக்கு ஒரு வாரம் இருந்தது. அவரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்டிருக்கவில்லை.