ஒரு டிகிரி உபசாரம்

சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகிற ஆட்களைப் பார்க்கவேண்டுமானால் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத்தான் வரவேண்டும். அங்கே ஒரு டேட்டா சென்டரில் கரண்டையும் ஏசியையும் கவனிக்கிற இன்ஜினியர் நான். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறும்போதே, என் பையில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரைப் பார்த்துப் பெண்கள் பெட்டியே சிரிக்கும். "இன்னாக்கா, ஊட்டிக்கா போற?"

போன வருஷம் அந்தச் சிரிப்புக்கு வேட்டு வைக்கப் பார்த்தார்கள். இரண்டாவது கட்டடத்தை எங்கே கட்டுவது என்று தலைமை அலுவலகம் யோசித்தது. வடக்கே ஓர் ஊரில் பாதி வருஷம் வெளிக்காற்றே ஜில்லென்றிருக்குமாம், கரண்டும் மலிவாம். எங்களிடம் இருப்பது கடலுக்கடியில் வந்து கரையேறும் இன்டர்நெட் கேபிளும், சலிக்காத வெயிலும். சர்வர் கம்ப்யூட்டர்கள் ஓடுகிற செலவோடு அவற்றைக் குளிரவைக்கிற செலவும் போட்டி போட்டது. கட்டடம் வடக்கே போனால் இங்கிருப்பதையும் மெல்ல அங்கே மாற்றிவிடுவார்கள், நாங்களும் மூட்டை கட்டவேண்டும் என்று பேச்சு. வீட்டுக்காரருக்கு ஆவடியில் வேலை, மகள் கொரட்டூரில் படிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பில் ஏன் இப்படி எகிறுகிறது என்று எல்லாரும் உட்கார்ந்து பேசியபோது சிரிப்புதான் வந்தது. வெயிலில் வேர்த்து விறுவிறுத்து யார் வந்தாலும், ஏசியை ஒரு டிகிரி இறக்கி உபசரிப்பது எங்கள் வழக்கம். விருந்தாளிக்கு மோர் கொடுக்கிற மாதிரி. திரும்ப ஏற்ற யாருக்கும் மனசு வராது. சர்வர்கள் இருபத்தைந்து டிகிரியில் தாராளமாக ஓடும். நாங்கள் பதினெட்டில் நடுங்கிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். பில் இறங்கியது.

மே மாதம் தலைமை அலுவலகத்து அதிகாரி நேரில் பார்க்க வந்தார். சட்டையெல்லாம் தொப்பல். கழுத்தைத் துடைத்தபடி, "ஏசியை ஒரு டிகிரி இறக்கலாமா?" என்றார்.

பூந்தமல்லியிலிருந்து வரும் பாய்தான் எங்கள் ஏசி ஆபரேட்டர். அவர் சட்டென்று சுவிட்சை மறைத்து நின்றார். "வாணாம் சார்! மிஷினுங்கோ நல்லாத்தான் கீது. உங்களுக்கு வோணா மோர் கொண்ணாரட்டா?"

அதிகாரி பாயைப் பார்த்தார், சுவரில் எரிந்த இருபத்தைந்தைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது எங்கள் பக்கத்து மனையில் இரண்டாவது கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். அந்தச் சேதி வந்த மறுநாள், இருபத்தைந்து டிகிரியிலும் பழக்கத்தில் சுமந்துவந்த ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

"இன்னாக்கா, ஊட்டி போலியா?"

"எங்கியும் போவல," என்றேன்.