வாசல் வரை பேச்சு

மைக் அக்காவுக்கு மேடை என்றால் பயம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாண வரவேற்புகளில் வந்தவர்களைச் சிரிக்க வைப்பதும், பாட வைப்பதும், மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து ஆட வைப்பதும்தான் அவள் பிழைப்பு. மைக் கைக்கு வந்துவிட்டால் வாய் ஓயாது. ஆனால் ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் கணவர் கீபோர்டு வாசிப்பவர். ஸ்டாண்டை விரித்துக்கொண்டே, "இன்னிக்கும் வயித்தக் கலக்குதா? அப்ப நிகழ்ச்சி அமோகமா இருக்கும்" என்பார்.

அவள் பேச்சே பயத்தில் பிறந்ததுதான். சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். எந்த நேரம் தட்டு பறக்கும் என்று தெரியாது. கடைக்குட்டியான அவள்தான் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தாங்கித் தாங்கி நடந்து காட்டுவாள்; கடைக்காரர் குரலில் பேரம் பேசுவாள். அப்பாவின் உதடு லேசாகக் கோணினால் போதும், அடுப்படியில் அம்மா மூச்சு விடுவது கேட்கும். வளர்ந்த பிறகு துணிக்கடை வாசலில் தள்ளுபடி கூவினாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்தாள். அங்கிருந்து கல்யாண மேடை. கூட்டம் பேச்சை நிறுத்தி வெறுமனே பார்த்தால் இன்னமும் அவளுக்குக் கை சில்லிட்டுவிடும்.

அன்று மாலை பெரிய மண்டபம். நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. கணவர் ஒரு பாட்டின் முதல் இரண்டு அடியை வாசித்து நிறுத்த, எந்த மேசை முதலில் கண்டுபிடிக்கிறது என்று அவள் போட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் போட்டி போட்டுக் கத்தின. அப்போது மண்டப மேனேஜர் மேடை ஓரத்துக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, மைக்கைக் கையால மூடிக்கிட்டுக் கேளுங்க. சமையல்கட்டுல கேஸ் கசியுது. வால்வை மூட முடியல. சமையல்காரங்க பின்பக்கமா வெளிய போயிட்டாங்க. தீயணைப்புக்குச் சொல்லியாச்சு."

"அபாய மணிய அடிங்க!"

"அடிக்கக் கூடாதாம். எந்த ஸ்விட்சையும் தொடாதீங்கன்னு ஃபோன்ல சொல்றாங்க. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஒரு பொறி பறந்தாலும்..." அவர் முடிக்கவில்லை. "இங்க இருக்கிறவங்களுக்கு முன்வாசல் ஒண்ணுதான் வழி. விஷயத்தைச் சொன்னா ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்துருவாங்க. நீங்கதான் எப்படியாவது..."

அப்போதுதான் அவள் மூக்கில் கேஸ் நாற்றம் ஏறியது. கீழே புகைப்படக்காரரின் ஃபிளாஷ் பளிச்சென்று வெட்டியது. அவள் உயிர் போய் உயிர் வந்தது.

"போட்டோக்கார அண்ணே!" குரல் கீச்சிட்டது, சமாளித்துக்கொண்டாள். "உள்ள எடுத்தது போதும். எதிர்ல இருக்கிற மைதானத்துக்கு ஓடுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு குடும்பமும் ஒரே படத்துல நிக்கணும். ஒரு தலை குறைஞ்சாலும் மாப்பிள்ளை கோவிச்சுக்குவாராம்!"

கூட்டம் சிரித்தது. வாசலை ஒட்டிய மேசைகளை முதலில் எழுப்பினாள். குழந்தை வைத்திருப்பவர்களை அவர்களோடு அனுப்பினாள். ஓடாமல், நடந்து. நடு மேசையில் ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சாப்பிடற நேரத்துல என்னம்மா போட்டோ?"

"பசியோட நின்னாத்தான் பெரியப்பா படத்துல ஒல்லியாத் தெரிவீங்க!"

அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. மைக் அக்காவின் கண் திரும்பத் திரும்பச் சமையல்கட்டுப் பக்கம் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு அக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. செருப்பைக் கழட்டிடு. சிரிச்சுக்கிட்டே நட."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையில் செருப்பும் மறு கையில் மாப்பிள்ளையின் விரல்களுமாக, சிரித்த முகத்தோடு நடந்தாள்.

மைக் அக்கா கணவர் பக்கம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் விரல்கள் நிற்கவில்லை.

"நீ முன்னால போ. பாட்டு நின்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. கடைசி ஆள் போனதும் நான் வந்துடறேன்."

"என்னங்க..."

"போம்மா. கூட்டம் உன் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு."

கூட்டத்தைப் பார்த்தபடியே வாசலை நோக்கிப் பின்புறமாக நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிண்டல், ஒரு அதட்டல். என்ன பேசினோம் என்று அவளுக்கே தெரியாது. வாசலைத் தாண்டியதும் கம்பியில்லா மைக் வேலை செய்யவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். தெருவைக் கடந்து, மைதானத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். உள்ளே கீபோர்டு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

பாட்டு பாதியில் அறுந்தது.

மைதானம் முழுக்க அவளையே பார்த்தது. "என்னம்மா நடக்குது?" என்றார் பெண்ணின் அப்பா.

"கேஸ் கசியுது. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அவளே அந்தப் பக்கம் ஓடினாள். ஒரு தீயணைப்பு வீரர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க! உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்!"

"பயப்படாதீங்கம்மா. தெருவுல கரண்டைத் துண்டிச்சது நாங்கதான். அதான் பாட்டு நின்னுது."

"அப்ப அவர் ஏன் இன்னும் வரல?"

முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே போனார்கள். இருண்ட வாசலையே பார்த்து நின்றாள். இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவளுக்கு, கட்டினவரைக் கையைப் பிடித்து இழுத்து வரத் தோன்றவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் அவர் வந்தார். பக்கத்தில், அவர் தோளைப் பற்றியபடி, காது கேட்காத ஒரு அம்மாள். மாப்பிள்ளைக்கு அத்தை முறை. முகமூடிக்காரர்கள் இருபுறமும் தாங்கி வந்தார்கள்.

"இந்தம்மா பாத்ரூம் பக்கம் போனாங்க. திரும்பி வந்ததை நான் பார்க்கல, அதான் தேடிப் போனேன்" என்றார் இருமிக்கொண்டே. மேடையிலிருந்து பார்த்தால் யார் எழுந்து போகிறார்கள் என்பது வாசிப்பவருக்குத் தெரியும்.

அவள் அவர் சட்டையைப் பிடித்துக் குலுக்கினாள். திட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதில் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நடந்தாள்.

வால்வை அடைத்துவிட்டார்கள். ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. மணப்பெண் மண் ஒட்டிய காலோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நடு மேசைப் பெரியவர் மட்டும், "எங்களை ஏமாத்திட்டியேம்மா, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

கொஞ்ச காலம் நிகழ்ச்சி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு மறுபடி போனாள். வேறு தொழில் தெரியாது. இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டுக்குப் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். கதவுகளைத் தானே திறந்து மூடிப் பார்க்கிறாள். மேனேஜர்கள் முகம் சுளிக்கிறார்கள். வீட்டில் காலை அடுப்பைப் பற்ற வைப்பது கணவர்தான். நீலச் சுடர் நிலையாக எரிகிறது என்று அவர் குரல் கொடுக்கும் வரை அவள் அடுப்படி வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.