ஆள் தெரியாத டீச்சர்

எங்கள் காலனிப் பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து ஒரு நாள் காரை பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யார் தலையிலும் விழவில்லை. அதிகாரிகள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பூட்டுப் போட்டார்கள். இனிமேல் நாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிட நடைதான். கூலி வேலைக்கு எங்கள் ஆட்கள் தினமும் நடக்கிற தூரம். படிக்க அந்த வழியில் யாரும் போனதில்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. காலனியிலிருந்து அந்த வகுப்புக்குப் போனது நான் ஒருத்திதான்.

அப்பா ஊருக்குள் ஒருவருடைய கோழிப்பண்ணையில் வேலை பார்த்தார். முதல் நாள் காலையில் எனக்கு நெடுநேரம் புத்தி சொன்னார். கடைசி வரிசையில் உட்கார வேண்டும். தண்ணீரை யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும், நானாக டம்ளரை எடுக்கக் கூடாது. பண்ணைக்காரரின் பேரனும் அதே வகுப்பு, அவனிடம் வாய் கொடுக்கக் கூடாது. "சூதானமா இருந்துக்கோ பாப்பா" என்று முடித்தார். நானும் சூதானமாகத்தான் போனேன்.

டீச்சர் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, "ஏஞ்சாமி அங்கயே நிக்கறே? முன்னால வந்து உக்காரு" என்றார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

சாமி என்பது எங்கள் வீட்டில் வேறு ஆட்களுக்கு உரியது. பண்ணைக்காரர் சாமி. அவருடைய அம்மா சாமி. மூக்கொழுகத் திரியும் அவருடைய பேரன்கூடச் சின்னச் சாமி. அவர்களைப் பார்த்தால் அப்பா தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க சாமி" என்பார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்கள் குழந்தைகளைக் கொஞ்சுவதற்கும் அந்தச் சொல் உண்டு என்பது எனக்குத் தெரியாது. ஆகவே டீச்சருக்கு ஆள் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். புதுச் சீருடையும் அம்மா அப்பிவிட்ட பவுடரும் அவரை ஏமாற்றிவிட்டன.

பெருமையாகத்தான் இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. உண்மை தெரிந்தால் கடைசி வரிசைக்குக்கூட இடமில்லாமல் பூட்டிய பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த முன்வரிசையிலிருந்து கரும்பலகை அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடியவன் பண்ணைக்காரரின் பேரன் ஒருவன்தான். அதனால் சத்துணவில் முட்டை போடுகிற நாட்களில் என் முட்டையை அவன் தட்டில் வைத்துவிடுவேன். அவன் வீட்டில் இல்லாத முட்டையா? ஆனாலும் எதற்கென்று கேட்காமல் தின்றான்.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். பதினொரு மணி இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு அப்பா வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார். தலையெல்லாம் தவிட்டுத் தூசி.

டீச்சர் சன்னல் வழியே பார்த்துவிட்டு, "யாரு சாமி அது? உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க டீச்சர்" என்றேன்.

அதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது. அன்றைக்கு அது வாயில் சுலபமாக வந்தது.

டீச்சர் வெளியே போனார். "பாப்பா தட்ட உட்டுட்டு வந்துருச்சுங்க" என்றார் அப்பா. கேட்டின் கம்பிகளுக்கு நடுவே தட்டை நீட்டினார்.

டீச்சர் வாங்கவில்லை. "வெளிய எதுக்குங்க நிக்கறீங்க? உள்ள வாங்க சாமி" என்றார்.

அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வகுப்புக்குள் பண்ணைக்காரரின் பேரன் களுக்கென்று சிரித்தான். இவன் போய்த் தாத்தாவிடம் சொன்னால் அப்பாவின் வேலை என்ன ஆவது? நானாவது பவுடர் பூசியிருந்தேன். தவிட்டுத் தூசியோடு நிற்கிற அப்பாவைப் பார்த்தும் இந்த டீச்சருக்கு ஆள் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"அவரு சாமி இல்லீங்க டீச்சர்" என்று கத்தினேன். "எங்கப்பாங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அது தெரியுஞ்சாமி. அப்பாவ உள்ள கூட்டிட்டு வா" என்றார்.

அப்பா செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து தட்டைக் கொடுத்தார். தண்ணீர் வேண்டுமா என்று டீச்சர் டம்ளரில் நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார். பிறகு பண்ணைக்குப் போய்விட்டார். என்னை எப்போது பின்னால் போகச் சொல்வார்கள் என்று மணியடிக்கும்வரை காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "டீச்சரு என்னையவா அப்படிக் கூப்புட்டாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என்னன்னு?" என்றார். சொன்னேன். சோறு தின்னும்போது மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். பாயை விரிக்கும்போது, "டீச்சரு என்ன சொன்னாங்க பாப்பா?" என்றார்.

நாளெல்லாம் பண்ணையில் கோழிச் சத்தத்துக்குள் நின்று நின்று அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். அதனால் மூன்றாவது தடவை அவர் காதருகே போய் உரக்கச் சொன்னேன்.