சுவரைப் பார்த்துச் சாய்ந்த முற்றம்

விமலகுமாரி டீச்சர் ஆளனுப்பி விளித்தபோது, ஏதாவது சுவரில் பாசி கழுவ வேண்டியிருக்கும் என்றுதான் ராஜபாய் நினைத்தாள். அதற்கு மேலான வேலைக்கு யாரும் அவளைத் தனியாக விளித்ததில்லை. சுந்தரதாஸ் கொத்தனாரிடம் அவள் இருபத்திரண்டு வருடமாகக் கையாள். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை எத்தனையோ வீடுகளுக்கு மண்ணும் கல்லும் சுமந்திருக்கிறாள். அந்த வீடுகளைக் காட்டி, இது சுந்தரதாஸ் கட்டியது என்று ஊரார் சொல்வார்கள். ராஜபாயும் அப்படித்தான் சொல்வாள்.

டீச்சரின் வீடும் அவற்றில் ஒன்று. எண்பத்தொன்றில் கட்டியது. இப்போது தொண்ணூற்று நான்கு, மேடம் மாதக் கடைசி, சித்திரை முடியும் நேரம். முன்னறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் தரையும் தாழ்ந்திருந்தது. போன மழைக்காலத்தில் முற்றத்து வெள்ளம் நான்கு நாள் சுவரோரமே கிடந்ததாம்.

"கொத்தனார் வந்து பாத்தாரு. புல்ல எல்லாம் செத்தி எறிஞ்சிட்டு முற்றம் முழுக்க காங்கிரீட் போடணும்ணு சொல்லுதாரு. சாரும் சரிண்ணுட்டாரு. எனக்கு மனசு வரல்ல" என்றாள் டீச்சர்.

முற்றம் முழுக்க அகல இலைப் புல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன டீச்சர், சோற்றுப் பாத்திரத்தில் ஒரு பிடி பறித்து வந்து, ஒவ்வொரு கணுவாக நட்டுப் பரப்பியது. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அதில் செருப்பில்லாமல் நடப்பாள்.

"புல்லும் போகாம, வெள்ளத்தையும் வெளிய திருப்ப வழி உண்டா ராஜபாயி?"

ராஜபாய் ஒரு குடம் தண்ணீரை முற்றத்தின் நடுவில் ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு, நேரே சுவரைப் பார்த்துப் போயிற்று. ஊற்றாமலே அவளுக்கு அது தெரியும்.

"புல்ல அடையா வெட்டி எடுக்கலாம் டீச்சர். வயல்ல வரம்பு ஒடஞ்சா எங்க அப்பன் புல்லோட மண்ணை அப்பிடித்தான் வெட்டி வச்சு அடைப்பாரு. ஒரு வாரத்துல வேரு பிடிச்சிரும். அத எடுத்து மாத்திட்டு, கேட்டுப் பக்கம் தாழ்த்தி, அந்த மண்ணை செவரு பக்கம் போட்டு ஒசத்தணும். பத்தடிக்கு அரையடி சரிவு. பொறவு புல்ல திரும்ப வச்சிரலாம்."

வாசலில் நின்ற ஜெயதாஸ் சார், டீச்சரின் கணவர், கேட்டார்: "கொத்தனார் இல்லாம நீ மட்டம் பாப்பியா?"

"பாப்பேன் சாரே" என்று சொல்லிவிட்டாள். சொன்னது பொய்யில்லை. தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயின் ஒரு நுனியைக் கொத்தனார் பிடித்து மட்டம் பார்த்த அத்தனை வருடமும், மறு நுனியைப் பிடித்தவள் அவள்தான். அந்த நுனியிலும் தண்ணீர் நிற்பது தெரியும்.

முதல் நாள் முழுக்கப் புல் வெட்டினாள். மண்வெட்டியைத் தரையோடு படுக்க வைத்து, இரண்டு விரல் கனத்தில், கை தாங்கும் அளவுக்கு அடை அடையாக எடுத்தாள். பலாமர நிழலில் நனைந்த சாக்குகளை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினாள். டீச்சர் விடுமுறையில் இருந்தாள். மணிக்கொரு தடவை வந்து தண்ணீர் தெளித்தாள்.

இரண்டாம் நாள் மண்ணைக் கிளறினாள். சுவரோரம் ஒரு முழம் தோண்டியதும் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் மக்கிய சிமென்ட் சாக்கும் வந்தன. நீர் கீழே இறங்கித் தங்க நல்ல இடம். ராஜபாய் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டாள்.

பதிமூன்று வருடம் முன்பு, இந்த வீட்டு வேலை முடிந்த அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை கோட்டுகாலில் வேறு வேலை தொடங்க வேண்டும் என்று கொத்தனார் அவசரப்படுத்தினார். மிச்சம் கிடந்ததையெல்லாம் சுவரோரக் குழியில் தள்ளி, மேலே மண்ணைப் போட்டு மட்டமாக நிரத்தச் சொன்னார். அவள் நிரத்தினாள். சாயங்காலம் சாந்துச் சட்டியைக் கழுவி ஊற்றியபோது, வெள்ளைத் தண்ணீர் சுவரைப் பார்த்து ஓடுவதைக் கண்டாள். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

படியில் உட்கார்ந்திருந்த டீச்சர் கேட்டாள்: "இத ஆராக்கும் இப்பிடி மூடுனது?"

கொத்தனார் பெயரைச் சொன்னால் போதும். டீச்சரும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ராஜபாய் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானாக்கும் டீச்சர். கொத்தனாரு சொன்னாரு, நான் மூடினேன். வெள்ளம் செவருக்கு ஓடுததை அண்ணைக்கே பாத்தேன். சொல்லல்ல."

"எதுக்கு சொல்லல்ல?"

"சொன்னா திங்களாழ்ச்ச வேலைக்கு விளிக்க மாட்டாரு. பிள்ளைங்க அப்போ சின்னதாக்கும்."

டீச்சர் எழுந்து உள்ளே போனாள். வேலை அத்தோடு முடிந்தது என்று ராஜபாய்க்குத் தோன்றியது. மண்வெட்டியைக் கழுவலாமா என்றுகூட யோசித்தாள். கொஞ்ச நேரத்தில் டீச்சர் இரண்டு தம்ளரில் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து, ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

"பதிமூணு வருசமா நானும் இதுலதான் நடந்தேன். புல்லு பச்சையா இருக்காண்ணு பாத்தேனே தவிர, எங்க சாயுதுண்ணு பாக்கல்ல" என்றாள். பிறகு சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அந்தக் கல்லெல்லாம் கோரி வெளிய போடு" என்றாள். அந்தக் குரலில் கோபமும் இல்லை, மன்னித்த மாதிரியும் இல்லை. ராஜபாய்க்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் கயிறு கட்டி, மட்டம் பார்த்து, மண்ணை ஒவ்வொரு அடுக்காகப் போட்டு மரக்கட்டையால் அடித்து இறுக்கினாள். பாதி முடிந்தபோது மழை வந்தது. இடவப்பாதி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பியிருந்தாள். வானம் கேட்கவில்லை. இறுக்காத மண் குழம்பி வழியத் தொடங்கியது. டீச்சர் ஓலையை இழுத்து வந்தாள். ஸ்கூட்டர் மூடும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு, குடையோடு வந்த ஜெயதாஸ் சார், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் குடையை எறிந்துவிட்டு ஓடி வந்தார்.

"அந்த மூலைய பிடியுங்க சாரே!" என்று ராஜபாய் கத்தினாள். அவரிடம் அப்படிக் கத்தியது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் பிடித்தார்.

மூவரும் நனைந்தபடி நின்று பார்த்தார்கள். மூடிய பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இறுக்கி முடித்த பக்கத்தில் மழைநீர் சுவரை விட்டு விலகி, கேட்டைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. "போகுது ராஜபாயி, போகுது" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மழை அரித்ததைச் சரிசெய்து, மிச்சத்தையும் இறுக்கி, புல்லை வைத்தாள். செங்கல் வரிசைபோல், ஒரு வரியின் இடைவெளிக்கு அடுத்த வரியின் நடு வரும்படி வைத்து, மிதித்து, இடுக்குகளில் பொடிமண் தூவினாள். சாக்கின் ஓரத்தில் கிடந்து காய்ந்த ஏழெட்டு அடைகள் பிடிக்கவில்லை. மற்றவை பத்து நாளில் நிமிர்ந்தன.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. முதல் பெருமழையில் கேட்டுக்குப் போன வெள்ளம் பக்கத்து வீட்டு வேலாயுதனின் மரச்சீனிக் கிழங்குச் செடிகளின் மூட்டில் இறங்கியது. அவர் வேலியில் நின்று சத்தம் போட்டார். ராஜபாய் வேலியோரமாக ஓடை வெட்டி, அதைச் சாலைச் சாக்கடையில் கொண்டுவிட்டாள். சுவரின் ஈரம் முழுக்க வற்ற அடுத்த கோடை ஆகிவிட்டது.

சுந்தரதாஸ் கொத்தனார் ஒருநாள் வந்து புல்லில் நின்று பார்த்தார். "ஆரு மட்டம் பாத்தது?" என்றார். "நானாக்கும்" என்றாள். அவர் கேட்டைத் திறந்து போய்விட்டார். ஓணம் வரை அவளை வேலைக்கு விளிக்கவில்லை. ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டும் கணவன் நேசமணி, "ஒனக்கு இது தேவையா?" என்று கேட்டான். தேவைதானா என்று அவளும் பல நாள் யோசித்தாள். செங்கல் சூளைக்குப் போய்ச் சமாளித்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் டீச்சர் சொல்லி, இரண்டு வீட்டுக்காரர்கள் முற்றம் சரிசெய்ய அவளையே தேடி வந்தார்கள்.

ஓணம் கழிந்து கொத்தனார் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டு வேலைக்கு விளித்தார். போனாள். அங்கே பின்பக்கத்து மண்ணை நிரத்தும்போது நின்றாள்.

"கொத்தனாரே, இது செவரு பக்கம் சாயுது."

"எனக்குத் தெரியும். நீ மண்ணு கொண்டா" என்றார்.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அவர் மட்டம் பார்க்கும் குழாயை எடுத்து, ஒரு நுனியைப் பிடித்தபடி, மறு நுனியைத் தரையில் போட்டு, அவளுக்காகக் காத்து நின்றார்.